பிரேக்கைத் தொடாத வடிவு

என் தங்கை சண்முகவடிவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பூத் தொடுக்க உட்கார்ந்தால் பாதி முழத்தில் எழுந்து போய் வாசல் குழாயை இறுக்குவாள். ஸ்டவ் ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும்போதே அதை அணைத்து, திரிகளை ஒரே மட்டமாக வெட்டி, மறுபடி பற்றவைப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே குறை, பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, பக்கத்துப் பிள்ளைகளின் கையெழுத்து கெடுகிறது என்பதுதான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகு வீட்டோடு இருந்த காலத்தை அவள் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தே கழித்தாள்.

அந்தக் கால் கார் பெடலைத் தொட்ட அன்றுதான் ஆடாமல் நின்றது. அதனால் அவளைப் பற்றி எழுத வேண்டுமானால் காரிலிருந்துதான் எழுத வேண்டும்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஐயா வெள்ளைத்துரை, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். வடிவு சின்னவளாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். நான் மூத்தவள், முத்துலட்சுமி. எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகியும் அதே வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜவஹர், ஐயாவின் கடையில் மொத்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால், அவர்கள் கடைக்கு வரமாட்டார்கள். கடைதான் அவர்கள் வீட்டுக்குப் போகும். பட்டுச்சேலைகளை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி எடுத்துப்போய், கூடத்தில் பாய் விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டவேண்டும். ஆண்பிள்ளைகள் போனால் வீட்டுப் பெண்கள் தோளில் போட்டுப் பார்க்கக் கூச்சப்படுவார்கள் என்று, அந்த வேலையை ஐயா எனக்குக் கொடுத்திருந்தார். அவரே தன் பழைய அம்பாசிடரில் என்னையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். நான் முடித்து வரும்வரை மர நிழலில் உட்கார்ந்திருப்பார்.

ஐயாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு, சோடா புட்டிக் கண்ணாடி வந்தது. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியாள் டிரைவரை வைக்க ஐயாவுக்கு மனசில்லை. "பட்டுமூட்டைய ஏத்திக்கிட்டு எவனோ போறதா?" என்பார்.

"நான் ஓட்டுதேன் ஐயா" என்றாள் வடிவு.

ஐயா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தேனாம்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டுத்தான் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள். பின்சீட்டில் துணைக்கு நான். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, லைசென்ஸ் பரீட்சையில் பின்பக்கமாக ஓட்டிக் காட்டச் சொன்னபோது, அதிகாரி போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்தியவள் அன்று அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் ஆண்கள்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது ஐயா சொன்னார்:

"தனியாப் போவக்கூடாது. அக்கா கூட இருக்கணும். வண்டிய கியர்லதான் புடிக்கணும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே போறவனெல்லாம் டிரைவர் இல்ல. பிரேக்கு ஆபத்துக்கு. பொறவு, எவனாவது ஒருத்தன் உன் வண்டியப் பத்தி எங்கிட்ட புகார் சொன்னாம்னு வையி, அன்னைக்கே சாவி எங்கிட்ட வந்துரணும். ஒரு புகாரு. அதுக்கு மேல கிடையாது."

"சரி ஐயா" என்று சொல்லும்போதே அவள் வாசலில் இருந்தாள்.

கியரில் பிடிப்பது என்றால் என்னவென்று நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். வேகமாகப் போகும் வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினால், எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைத் தானே இழுத்துப் பிடிக்கும். சக்கரம் ஓடப் பார்த்தாலும் எஞ்சின் விடாது. பிரேக் வேறு மாதிரி. பெடலை மிதித்தால் சக்கரத்துக்குள் இருக்கும் ஷூ என்ற பட்டை விரிந்து, அதைச் சுற்றியிருக்கும் டிரம்மைப் பற்றும். அது தேயும், சூடேறும், மழையில் சட்டென்று மிதித்தால் வண்டி சறுக்கும். ஐயா சின்ன வயதில் ஜவுளி லாரிகளோடு வந்து பழகியவர். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரியைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயத்தை அவர் தியாகராய நகருக்கும் கொண்டுவந்துவிட்டார். இங்கே மலை எங்கே இருக்கிறது என்று அவரிடம் யார் கேட்பது?

வடிவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த கியர்த் தண்டை அவள் இரண்டு விரலால் தள்ளுவாள். தூரத்தில் ஆள் குறுக்கே வருவதைப் பார்த்ததுமே தள்ளிவிடுவாள். அருகில் போவதற்குள் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்திருக்கும். மடியில் வைத்த டம்ளர் தண்ணீர் தளும்பாது. எனக்குத்தான் நிம்மதி கிடையாது. முன்னால் ஒரு மாடு தெரிந்தாலே என் வலது கால் வெறும் தரையை அழுத்தும்.

"யக்கா, அங்க பிரேக்கு இல்ல."

"தெரியும்ட்டி."

"பொறவு எதுக்கு அமுக்குத? தகரம் ஓட்டையாயிரும்."

அப்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கும்போது ஓட்டுகிறவர் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மேலும் கீழும் அசைத்துக் காட்டவேண்டும். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தது. ஐயாவும் கையை வெளியே தொங்கப்போட்டுத்தான் காலமெல்லாம் ஓட்டினார். வடிவும் அப்படியே செய்தாள். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் முதல் தடவை கையை ஆட்டியபோது, பூக்காரி ஒருத்தி கூடையோடு ஓடிவந்து ஜன்னலில் நின்றாள்.

"இன்னாம்மா, இட்டுக்கினு போறியா இல்ல பூ வோணுமா? கூப்ட்டியே?"

"நான் கூப்பிடல. வண்டி மெதுவாப் போவுதுன்னு காட்டினேன்."

"தோ பாரு! மெதுவா போனா போயேன், அத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?"

சிரித்து மாளவில்லை எங்களுக்கு. பூவும் வாங்கினோம். ஆனால் அடுத்த வாரம் தேனாம்பேட்டை சந்திப்பில் அதே கையைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்கூட்டர்காரன் பக்கத்தில் வந்து, தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு, "கூப்ட்டீங்களா?" என்றான். வடிவு அவனை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டான். அதை எங்கள் கடைப் பையன் எவனோ பஸ்ஸிலிருந்து பார்த்து, கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். அன்று சாயங்காலமே ஐயாவிடமிருந்து புது உத்தரவு வந்தது.

"இனிமே கை வெளிய வரக்கூடாது. பொம்பளப்புள்ள கை ரோட்டுல ஆடுறது என்ன பழக்கம்?"

அன்றிலிருந்து கை உள்ளேயே இருந்தது.

அதன் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. கார் வைத்திருந்த பலர் அதைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார்கள். ஐயாவுக்கு வடிவின் ஓட்டத்தில் பெருமை. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "ஷூ புச்சு மாரி கீது மொதலாளி, இந்த வண்டி ஓடுதா, சும்மா நிக்குதா?" என்று கேட்டதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

ஆனால் ரோட்டில் எங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சத்தம் இருந்தது. ஹாரன் அலறும். சைக்கிள்காரர்கள் கடைசி நிமிஷத்தில் ஒடித்துக்கொண்டு பக்கவாட்டில் போவார்கள், திரும்பிப் பார்த்துத் திட்டுவார்கள். "வூட்ல சோறாக்கறதுதானே!" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான். பெண் ஓட்டுவதால் திட்டுகிறார்கள் என்றே நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். வடிவு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இன்னும் அழகாக, இன்னும் சீக்கிரமாகக் கியரைத் தள்ளினாள். நான் மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். வீடு வந்து சேர்ந்தால் பிடரி வலிக்கும்.

எழுபத்தைந்தில், புரட்டாசி மாதம். அடையாறில் ஒரு வீட்டுக்கு மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தோம். தூறல். அடையாற்றுப் புதுப் பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்போது, கீழே ஒரு கட்டைவண்டி குறுக்கே திரும்புவது தெரிந்தது. ரோடு ஈரம். வடிவு பிரேக்குக்குப் போகவில்லை. இரண்டாவது கியருக்குத் தள்ளினாள். எஞ்சின் உறுமியது, வண்டி கடிவாளம் இழுத்த குதிரை மாதிரி அடங்கியது. சறுக்கவில்லை, ஆடவில்லை. நான் மூச்சை விடுவதற்குள் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பின்சீட்டு மூட்டைகள் சரிந்து கீழே உருண்டன.

இறங்கிப் பார்த்தோம். ஓர் ஆட்டோ எங்கள் பம்பரில் மூக்கை வைத்து நின்றது. அதன் முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஆட்டோக்காரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இறங்கினான். முப்பது வயதுக்குள் இருக்கும். பீர் முஹம்மது என்று பெயர், போலீஸ்காரரிடம் சொன்னபோது தெரிந்தது.

"இன்னாம்மா நீ! போய்க்கினே இருந்த, திடீர்னு நின்னுக்கினே! பின்னாடி லைட்டே எரியலையே, நீ நிக்கறது எனக்கு எப்டி தெரியும்?"

கூட்டம் கூடிவிட்டது. ஆட்டோவில் வந்த பயணி, குடையைக் கக்கத்தில் இடுக்கியவர், ஆட்டோக்காரனையே திட்டினார். "பின்னால வர்றவன்தான்யா பாத்து வரணும். பறந்துண்டு வந்தான் சார்." பாலத்து முனையில் நின்ற போலீஸ்காரர் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். சேலை கட்டின இரண்டு பேர், நல்ல கார், பட்டு மூட்டை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். பீர் முஹம்மதிடம் கையை நீட்டினார்.

"லைசென்ஸ் எடு."

"சார், அந்தக் காரு பின்னாடி லைட்டே எரியல சார்."

"ஏம்மா, லைட் வேலை செய்யுதா? உள்ள போய் பிரேக்க மிதி பாப்போம்."

வடிவு போய் மிதித்தாள். இரண்டு பக்கமும் சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"எரியுதேய்யா! இதுக்கு இன்னா சொல்ற?"

பீர் முஹம்மதுவின் முகம் சுருங்கிவிட்டது. "அல்லா சத்தியமா எரியல சார். என் கண்ணு நல்லாத்தான் கீது." போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்க. வா, கிடைக்குதான்னு பாப்போம்."

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. எங்கள் மேல் தப்பில்லை, புகார் இல்லை, சாவிக்கு ஆபத்தில்லை. "வாட்டி, போவோம்" என்று வடிவின் கையைப் பிடித்தேன். அவள் நகரவில்லை. பின்விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஏதோ கணக்குப் போடுவது மாதிரி அசைந்தது.

"சார், அவரு சொல்றது நிஜம்" என்றாள். "லைட் எரிஞ்சிருக்காது. பிரேக்க மிதிச்சாத்தான் அது எரியும், நான் மிதிக்கவே இல்ல. கியர்ல புடிச்சேன்."

நான் அவள் கையைக் கிள்ளினேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"கையாவது காட்டினியா?"

"இல்ல சார். கையும் காட்டல."

"ஏன் காட்டல?"

வடிவு தன் வலது கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். லைசென்ஸை எடுத்து பீர் முஹம்மது கையில் திணித்தார். "மழையில என் உயிர வாங்காதீங்க. ரெண்டு பேரும் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடைக்காரருக்குத்தான் ஏமாற்றம். "நன்னாருக்கு நியாயம்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

அடையாற்று வீட்டில் சேலைகளைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் வடிவு பேசினாள். பேச்சு நிற்கவே இல்லை. "யக்கா, வண்டி நிக்கப்போறது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பின்னால வாறவனுக்கு யாரு சொன்னா? எஞ்சின் சத்தம் அவனுக்குக் கேக்குமா? அந்த லாரிக்காரன், அந்த சைக்கிள்காரன் எல்லாம் இதுக்குத்தான் கத்தியிருக்கான். நம்ம பொம்பளன்னு கத்தல யக்கா."

"அதுக்கும் சேத்துத்தான் கத்துனான்" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் ஐயா முகம்தான் கண்முன்னே இருந்தது.

"இன்னைக்கே ஐயாகிட்ட நானே சொல்லிருதேன்" என்றாள்.

சொல்ல விடவில்லை பீர் முஹம்மது. மூட்டைத்துணியில் இருந்த கடைப் பெயரைப் பார்த்து வைத்திருக்கிறான். நாங்கள் கடைக்குள் நுழையும்போது, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஐயாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கடையில் கூட்டம். அவன் குரல் தெருவுக்கே கேட்டது.

"உங்க பொண்ணு தங்கம் மொதலாளி! போலீசு எம்மேலதான் தப்புன்னு லைசென்ஸப் புடுங்கிக்கினு போவுது. அது வந்து நின்னு, நாந்தான் பிரேக்கு மெறிக்கல, நாந்தான் கையி காட்டலன்னு சொல்லிச்சு பாருங்க! எங்க வூட்ல சொன்னேன், எம் பொண்டாட்டி சகினா அழுதுட்டா. வண்டி போச்சுன்னா எங்க பொழப்பு இன்னாவறது?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, வடிவைப் பார்த்தார். "வண்டி இடிபட்டுதா?"

"ஆமா ஐயா."

கையை நீட்டினார். பாராட்டாக வந்தாலும் அவர் கணக்கில் அது புகார்தான். அவள் சாவியை வைத்தாள். பீர் முஹம்மதுக்கு ஒன்றும் புரியவில்லை. வாழைப்பழச் சீப்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

இரவு சாப்பாட்டில் வடிவு கேட்டாள். "நீங்க சொன்ன மாதிரிதானே ஐயா ஓட்டினேன்?"

"நான் எம்புட்டு வருசம் ஓட்டினேன். என்னைய எவன் இடிச்சான்?"

"நீங்க கையை வெளிய போட்டுக்கிட்டே ஓட்டுனிய."

"அது ஆம்பளைக் கைட்டி" என்று ஐயா சோற்றைப் பிசைந்தார். அதோடு பேச்சு முடிந்தது.

கனகராஜ் என்ற டிரைவரைப் போட்டார்கள். நல்ல பையன்தான். ஆனால் கியரில் பிடிப்பதெல்லாம் அவனுக்குக் கிடையாது. சரிவு கண்டால் நியூட்ரலில் விட்டுவிடுவான், 'பெட்ரோல் மிச்சம் அக்கா' என்பான். அருகே போனதும் பிரேக்கை ஒரே மிதியாக மிதிப்பான். மூட்டைகளோடு நானும் முன்னால் போய் மோதுவேன். சந்துக்குச் சந்து தீய்ந்த வாடை வரும். மயிலாப்பூரில் எங்கள் பழைய வாடிக்கையான காமாக்ஷி மாமி வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்ததும் மாமி கேட்டாள்.

"ஏண்டிம்மா, உன் தங்கை வரலையா? அவ வந்தா ஆத்துல ஒரு கலகலப்பு இருக்கும். இது யாரு, வாசல்ல நின்னுண்டு எட்டி எட்டிப் பாத்துண்டு இருக்கான்?"

"டிரைவர் மாமி."

"அவனை மரத்தடியில போய் நிக்கச் சொல்லு. பொண்கள் புடவையைப் போட்டுப் பாக்க வேண்டாமா?"

அன்று பாதி மூட்டையைப் பிரிக்காமலே கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வடிவு இருந்த நிலையைச் சொல்லி முடியாது. அலமாரித் துணிகளை எல்லாம் எடுத்து மறுபடி மடிப்பாள். மடித்ததைக் கலைப்பாள். படியில் ஏறி என் வீட்டுக்கு வருவாள், வந்த காரியம் மறந்து இறங்குவாள். கனகராஜ் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது சாவியை வண்டியிலேயே விட்டிருப்பான். அந்த நேரம் என்னைக் கூப்பிட்டுக் காருக்குப் பின்னால், மதில் சுவர் பக்கம் நிறுத்துவாள்.

"எரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"ம், லேசா."

"இப்ப அணைஞ்சுதா?"

பெடலை எவ்வளவு தொட்டால் விளக்கு எரியும், ஆனால் ஷூ பிடிக்காது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் வைத்தால் போதும் என்று கண்டுபிடித்தாள். கியர் வண்டியைப் பிடிக்கட்டும், கட்டைவிரல் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லட்டும் என்றாள். இதை ஐயாவிடம் சொல்லிப் பார்த்தாள். "பின்னால வந்து ஒரு தடவ பாருங்க" என்று கெஞ்சினாள். ஐயா காதில் வாங்கவில்லை. சொல்லச் சொல்ல ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

தீபாவளிக்குக் கனகராஜ் ஊருக்குப் போனான். காமாக்ஷி மாமி வீட்டிலிருந்து ஆள் வந்தது, மறுநாள் முகூர்த்தச் சேலை பார்க்க நல்ல நாள் என்று. தீபாவளி கழிந்து அந்த நாள் கடைக்கும் விடுமுறை. காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். வடிவுதான் வரச் சொல்லியிருந்தாள். பீர் முஹம்மது, புதுக் கண்ணாடி போட்ட வண்டியோடு.

"ஏறு நைனா. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

ஐயா வாசலில் நின்று அவனையும், காரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த வடிவையும் பார்த்தார். சாவியைக் கொடுத்தாரா என்று நீங்கள் கேட்கலாம். மூட்டை போய்ச் சேரவேண்டுமே, கொடுத்தார். "திரும்பி வந்ததும் சாவி எங்கிட்ட வந்துரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். "அவ எப்படித்தான் ஓட்டுதான்னு பாத்துப்புடுவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கார் எங்கள் கண்முன்னால்தானே போகும் என்று நானும் ஏறினேன்.

ஐயாவிடம் வடிவு ஜன்னலில் குனிந்து சொன்னாள்: "போறப்ப நீங்க சொன்ன மாதிரி ஓட்டுதேன். பாலத்தத் தாண்டித் திரும்பி வாறப்ப நான் நினைச்ச மாதிரி ஓட்டுதேன்."

கார் முன்னால் போயிற்று. பீர் முஹம்மது நல்ல இடைவெளி விட்டுப் போனான்.

"கிட்டப் போப்பா. இம்புட்டுத் தூரத்துல எனக்கு என்ன தெரியும்?"

"வாணாம் நைனா. இந்த வண்டி பின்னாடி கிட்ட போக எனக்கு பயமா கீது."

"போன்னு சொல்லுதேன்!"

கிட்டப் போனான். தேனாம்பேட்டையில் முன்னால் பஸ் நின்றது. வடிவின் கார் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. விளக்கு இல்லை, கை இல்லை. ஐயா முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"லே, பிரேக்கு! பிரேக்கப் போடுலே!"

"நீதானே நைனா பிரேக்கு ஆபத்துக்குத்தான்னு சொல்லிக்கினு திரியறியாமே, உன் பொண்ணு சொல்லிச்சு" என்று சிரித்துக்கொண்டே மிதித்தான் பீர் முஹம்மது.

இன்னும் இரண்டு இடத்தில் கார் அப்படியே அடங்கியது. ஆழ்வார்பேட்டையில் ஒரு தடவை, மந்தைவெளியில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அவருடைய செருப்பு ஆட்டோவின் தரையில் உராயும் சத்தம் எனக்குக் கேட்டது. பாலத்து இறக்கத்தில் எங்களுக்கு முன்னால் கார் சட்டென்று அடங்கியபோது, "எப்ப நிக்கப்போறான்னு ஒரு மனுசன் எப்படித்தாம்லே கண்டுபிடிக்கது?" என்று கத்தினார்.

"அத்தத்தான் நைனா அன்னிக்கி நானும் கேட்டேன்."

அடையாறில் வடிவு வண்டியைத் திருப்பினாள். நாங்களும் திரும்பினோம். மறுபடி பாலம். மேலே ஏறி மயிலாப்பூர்ப் பக்கம் இறங்கத் தொடங்கியதும், காரின் பின்புறம் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. பீர் முஹம்மது நிதானமாக வேகத்தைக் குறைத்தான். கார் அதன் பிறகுதான் அடங்கியது. முன்னால் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. மறுபடி சிவப்பு. சற்றுத் தள்ளி மறுபடி. ஐயா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் மற்றதையும் எடுத்தார்.

அடுத்த திருப்பத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். அதை எங்களிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. வலப்பக்க ஜன்னலிலிருந்து அவள் கை வெளியே வந்தது. கண்ணாடி வளையல்கள் வெயிலில் மின்ன, மேலும் கீழும் அசைந்தது. நான் ஐயாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துபோய்ப் பிளாட்பாரத்தைப் பார்த்தேன்.

"கையப் போடுதா" என்றார் ஐயா.

"போடட்டும் நைனா. எனக்கு நல்லாத் தெரியுது."

பின்னால் ஒரு டாக்ஸிக்காரன்கூட அந்தக் கையைப் பார்த்துத் தானாக வேகத்தைக் குறைத்ததை ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். தாடையைத் தேய்த்தார்.

மந்தைவெளியில் வடிவு நிறுத்துவாள், நான் ஏறிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போவேன் என்பது ஏற்பாடு. அவள் நிறுத்தவில்லை. நேராக மாடவீதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றே போனாளா, இன்றுவரை கேட்டால் சிரிக்கிறாள்.

"ஐயா, அவ நிக்காமப் போறா" என்றேன். "தனியாப் போறா ஐயா."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பின்னாடியே போவட்டா நைனா?" என்று பீர் முஹம்மது ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

ஐயா கொஞ்ச நேரம் அந்தத் தெருவைப் பார்த்தார். கார் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தது.

"வேண்டாம். வீட்டுக்கு விடு" என்றார்.

"மூட்டைய யாரு தூக்குவா ஐயா? சேலையப் பிரிச்சு மடிக்க வேண்டாமா?"

"அவளே தூக்குவா, அவளே மடிப்பா. நீ உக்காரு." சற்றுக் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார். "கனகராஜ் ஊர்லருந்து வந்ததும், கடையில வேட்டிப் பக்கம் ஆள் பத்தலன்னு உன் வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டு இருந்தாரே, அங்க போடச் சொல்லு."

பீர் முஹம்மது ஆட்டோவை வளைத்தான். வளைக்கும்போது, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி, கையை நன்றாக வெளியே நீட்டினான்.